ராக்கி மவுண்டன் பூங்காவில் ஒரே ஒரு நாள்: எந்தப் பாதையில் நடக்கலாம்?

கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பலருக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு நாள். டென்வரிலிருந்து எஸ்டெஸ் பார்க் ஊருக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பேர் லேக் சாலையின் முனைக்கு இன்னொரு முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முனையைச் சுற்றி ஒடெசா கார்ஜ், டிண்டால் கார்ஜ், கேயாஸ் கேன்யன், லாக் வேல், கிளேசியர் கார்ஜ் என்று ஐந்து மலையிடுக்குகள் விரித்த கையின் விரல்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஐந்திலும் ஏரி உண்டு. அருவி எல்லாவற்றிலும் இல்லை. ஒரு நாளில் ஒன்றை நிதானமாகப் பார்க்கலாம், அல்லது இரண்டை அரைகுறையாகப் பார்க்கலாம்.

"எது ரொம்ப அழகு?" என்று யாரைக் கேட்டாலும் ஸ்கை பாண்ட் ஏரி என்றுதான் பதில் வரும். அழகைப் பொறுத்தவரை அது சரியான பதிலே. ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பிப் பகல் பத்து, பதினொரு மணிக்கு நடக்கத் தொடங்குகிறவர்கள் ஏரியை எட்டுவதற்குள் மேகம் திரண்டுவிடும். முடிவெடுக்க வேறு மூன்று கேள்விகள் உதவும். எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்? எந்த மாதம்? கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவரால் எவ்வளவு தூரம் முடியும்? இவற்றுக்குப் பிறகு நாலாவதாக ஒன்று இருக்கிறது. எங்கள் கணிப்பில் அதுதான் முக்கியமானது: நடுவழியில் திரும்ப நேர்ந்தாலும் நாள் வீணாகாத பாதை எது?

தூரங்களை மைலிலும் உயரங்களை அடியிலும் தருகிறோம். பூங்காவின் வழிகாட்டிப் பலகைகளும் அப்படித்தான் சொல்கின்றன.

முதலில் வாசல் நேரம்

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை டைம்ட் என்ட்ரி (நேரம் குறித்த நுழைவு) முன்பதிவு இல்லாமல் பகலில் உள்ளே போக முடியாது. 2025 பருவத்தில் இதில் இரண்டு வகை இருந்தது. பேர் லேக் சாலையையும் சேர்த்த அனுமதி காலை 5 முதல் மாலை 6 வரைக்கும் தேவை. அந்தச் சாலை சேராத சாதா அனுமதி காலை 9 முதல் பகல் 2 வரைக்கும் தேவை. பூங்காவின் மற்ற பகுதிகளுக்கு அதுவே போதும். முன்பதிவுக் கட்டணம் 2 டாலர்தான். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் எடுக்க வேண்டும். கார் நுழைவுக் கட்டணம் இதில் சேராது. ஒரு நாளுக்கு 30 டாலர், ஏழு நாளுக்கு 35 டாலர். 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு, இந்தப் பூங்கா உட்பட 11 பூங்காக்களில், ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வந்திருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் இந்த விதியைப் படித்துவிடுவது நல்லது. 250 டாலர் ஆண்டு அட்டை அவர்களுக்கு மலிவாக முடியலாம்.

அனுமதிச் சீட்டுகள் முந்தைய மாதத்தின் முதல் தேதி காலை 8 மணிக்கு, மவுண்டன் நேரப்படி, திறக்கும். ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளின் காலை நேரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். ஒரு பங்கை எடுத்துவைத்து, போகும் நாளுக்கு முந்தின மாலை 7 மணிக்கு விடுகிறார்கள். அதைத் தவறவிட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு: காலை 5 மணிக்கு முன்பே வாசலைத் தாண்டிவிட்டால் டைம்ட் என்ட்ரி தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும் போதும்.

சீட்டில் இருப்பது இரண்டு மணி நேர இடைவெளி. "7–9" என்றிருந்தால் அதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும், வெளியே வர நேரக் கட்டுப்பாடு கிடையாது. கையில் கிடைத்த இடைவெளிதான் பாதையைத் தீர்மானிக்கிறது. 5–7 கிடைத்தால் எந்தப் பாதையும் சாத்தியம். 7–9 என்றால் ஸ்கை பாண்டும் பிளாக் லேக்கும் இழுபறி. 9–11 என்றால் அவை இரண்டையும் மறந்துவிட்டு மில்ஸ், தி லாக், எமரால்ட் ஆகிய ஏரிகளில் ஒன்றைப் பிடிப்பதே சரி. பகல் 11-க்கு மேல் என்றால் ஆல்பர்ட்டா அருவி வரை போய்த் திரும்பலாம்.

கிளேசியர் கார்ஜ் பார்க்கிங் மிகச் சிறியது. கோடையில் பொழுது விடியும்போதே நிரம்பிவிடும். அங்கே இடம் தேடிச் சுற்றாமல், சாலையின் பாதியில் இருக்கும் பார்க் அண்ட் ரைடு மைதானத்தில் காரை விட்டு ஷட்டில் பேருந்தில் ஏறிவிடுங்கள். அந்த மைதானமும் பேர் லேக் சாலையில்தான் இருக்கிறது. சாதா அனுமதியோடு வந்தால் அங்கேயும் போக முடியாது.

ஏரிகள் ஏன் படிப்படியாக இருக்கின்றன

இந்த இடுக்குகளைக் குடைந்தவை கடைசிப் பனியுகத்துப் பனியாறுகள். பாறை நொய்ந்த இடத்தில் ஆழமாகத் தோண்டின, கெட்டியான இடத்தில் மேடாக விட்டுச் சென்றன. தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாயின. மேடுகளின் விளிம்பில் தண்ணீர் அருவியாக இறங்குகிறது. லாக் வேலில் தி லாக், டிம்பர்லைன் அருவி, லேக் ஆஃப் கிளாஸ், ஸ்கை பாண்ட் என்று அடுக்கடுக்காக வருவது இதனால்தான்.

நடப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏற்றம் சீராக இருக்காது. நெடுந்தூரம் சமதளமாகப் போய்விட்டு, ஏரிக்குச் சற்று முன்னால் செங்குத்தாக எழும். முதல் இரண்டு மைலை எவ்வளவு நேரத்தில் நடந்தோம் என்று பார்த்து மிச்சத்தைக் கணக்குப் போட்டால் தப்பும். மணிக்கு இரண்டு மைல் என்று வைத்து, ஒவ்வொரு ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் அரை மணி கூட்டுங்கள். உணவுக்கும் படமெடுக்கவும் ஒரு மணி தனி. இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது.

எமரால்ட் ஏரி: கூட்டம் அதிகம், உழைப்பு குறைவு

பேர் லேக் டிரெயில்ஹெட்டிலிருந்து (நடைபாதை தொடங்கும் இடம்) அரை மைலில் நிம்ஃப், 1.1 மைலில் டிரீம், 1.8 மைலில் எமரால்ட். மொத்த ஏற்றம் சுமார் 650 அடி. போய்வர இரண்டரை முதல் மூன்று மணி நேரம். மூன்று ஏரிகள், மூன்றும் வெவ்வேறு முகம். நிம்ஃபில் நடுக்கோடையில் மஞ்சள் அல்லி பூக்கும். டிரீம் ஏரி ஒடுங்கி நீண்டது. காற்று எழும் முன் போனால் ஹாலெட் சிகரம் தலைகீழாகத் தண்ணீரில் தெரியும். எமரால்ட் டிண்டால் கார்ஜின் அடியில் ஹாலெட்டுக்கும் ஃபிளாட்டாப் மலைக்கும் நடுவே இருக்கிறது. அதோடு பாதை முடிகிறது.

முதல்முறை மலைக்கு வருகிறவர்களுக்கும், எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம். குறை இரண்டு. ஒன்று, பூங்காவிலேயே நெரிசல் மிகுந்த பாதை இதுதான். எட்டு மணிக்கு மேல் வரிசையாக நடக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, இதில் சொல்லும்படியான அருவி கிடையாது.

ஜூன் நடுப்பகுதி வரை டிரீம் ஏரிக்கு மேலே பனி கிடக்கும். ஆயிரம் பேர் மிதித்து இறுகிய அந்தப் பனி வழவழவென்று இருக்கும். ஓட்டக் காலணியோடு வருகிறவர்கள் விழுவது இங்கேதான், அதுவும் இறங்கும்போது. காலணிக்கு அடியில் மாட்டும் முள் சங்கிலியான மைக்ரோஸ்பைக் எஸ்டெஸ் பார்க் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். மே, ஜூன் மாதங்களில் அது இல்லாமல் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

டிரீம் ஏரிக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் பிரியும் பாதை ஹையாஹா ஏரிக்குப் போகிறது. பேர் லேக்கிலிருந்து 2.1 மைல். 2022 ஜூன் 28 அன்று, அந்த ஏரி இருக்கும் கேயாஸ் கேன்யனின் மேற்புறச் சரிவு இடிந்து விழுந்தது. பொடிந்த பாறைத் தூள் கரைந்து, அதுவரை தெளிந்திருந்த ஏரி பால் கலந்த பச்சையாக மாறியது. அந்த நிறத்தைப் பார்க்கவே இப்போது ஆட்கள் வருகிறார்கள். கரையை ஒட்டிப் பெரிய பெரிய பாறைகள். தண்ணீரருகே போகக் கையூன்றித் தாண்ட வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. ஏரிக்கு மேலே சரிவு இன்னும் நிலைகொள்ளவில்லை. கரையோடு நின்றுவிட வேண்டும்.

ஹையாஹாவிலிருந்து வந்த வழியே திரும்பாமல் பாதையைத் தொடர்ந்தால் லாக் வேல் பிரிவுக்கு இறங்கி, ஆல்பர்ட்டா அருவி வழியாகக் கிளேசியர் கார்ஜ் டிரெயில்ஹெட்டுக்கு வந்துவிடலாம். ஏறக்குறைய ஆறு மைல். இரண்டு இடுக்குகள், மூன்று ஏரிகள், ஓர் அருவி. ஷட்டிலில் வந்தவர்களுக்குத் திரும்ப ஏறும் சிரமமும் இல்லை. எமரால்டுக்குப் போகிற பலர் இதைத் தேர்ந்தெடுத்திருந்தால் கூடுதலாகப் பார்த்திருப்பார்கள்.

கிளேசியர் கார்ஜ் டிரெயில்ஹெட்: ஒரு நாளுக்கு இதுவே எங்கள் தேர்வு

டிரெயில்ஹெட் 9,240 அடியில் இருக்கிறது. 0.8 மைலில் ஆல்பர்ட்டா அருவி. இருநூறு அடிக்கும் குறைவான ஏற்றம், அரை மணி நடை. முப்பதடி உயரம்தான், ஆனால் ஜூனில் உருகும் பனியெல்லாம் கிளேசியர் க்ரீக் ஓடையில் இறங்கும்போது பேசுவது கேட்காத இரைச்சல் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் பாதியாகிவிடும், வற்றிப்போகாது. அருவியை ஒட்டிய பாறைகள் நீர்த்துளி பட்டு வழுக்கும். படம் எடுக்க விளிம்புக்குப் போகிற பிள்ளைகளைக் கண்ணில் வைத்திருங்கள்.

அருவியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் நிழல் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும். டிரெயில்ஹெட்டிலிருந்து இரண்டு மைல் தாண்டியதும் ஒரு முச்சந்தி வரும். வலப்பக்கம் ஹையாஹா, நேரே தி லாக், இடப்பக்கம் மில்ஸ் ஏரி. இந்தப் பாதையை மற்றவற்றுக்கு மேலாக வைப்பதற்குக் காரணமே இந்த முச்சந்திதான். வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. இங்கே நின்று மணியைப் பாருங்கள், மேற்கே வானத்தைப் பாருங்கள், கூட வந்தவர்களின் முகத்தைப் பாருங்கள். களைத்திருந்தால் ஆல்பர்ட்டாவைப் பார்த்த திருப்தியோடு திரும்பலாம். ஓரளவு தெம்பு இருந்தால் மில்ஸ். இன்னும் கொஞ்சம் இருந்தால் தி லாக். மணி ஒன்பதைத் தாண்டாமல், வானம் நீலமாக, எல்லோரும் தெம்பாக இருந்தால் மட்டும் ஸ்கை பாண்ட்.

மில்ஸ் ஏரி முச்சந்தியிலிருந்து முக்கால் மைலுக்கும் குறைவு, டிரெயில்ஹெட்டிலிருந்து 2.8 மைல், மொத்த ஏற்றம் 750 அடி. இந்தப் பூங்கா 1915-இல் அமையப் பாடுபட்ட ஈனாஸ் மில்ஸின் பெயர் அதற்கு. கிளேசியர் க்ரீக்கின் மேல் பாலத்தைக் கடந்ததும் மண்பாதை முடிந்து, பனியாறு தேய்த்த அகலமான பாறைத் தளம் வரும். கால்தடம் பதியாத இடம் என்பதால் வழி தவறுவது இங்கேதான். சிறு கற்களை அடுக்கி வைத்த குவியல்களைப் பார்த்துப் போக வேண்டும். அடுத்த குவியல் கண்ணில் படும் வரை நின்ற குவியலை விட்டு நகராதீர்கள். ஏரிக்கரையிலும் அதே பாறைத் தளம். உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. எதிரே லாங்ஸ் பீக்கின் முதுகும் கீபோர்டு ஆஃப் தி விண்ட்ஸ் முனைகளும் வரிசையாக நிற்கும்.

தி லாக் கொஞ்சம் கடினம். டிரெயில்ஹெட்டிலிருந்து 3 மைல், ஏற்றம் ஏறக்குறைய ஆயிரம் அடி. முச்சந்திக்குப் பிறகு ஐஸி ப்ரூக் ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் பகுதியில் நிழல் விழுவதால் ஜூனிலும் பனிக்கட்டி இருக்கும். ஏரி அகலமானது, மூன்று பக்கமும் மலைச்சுவர். இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் காற்றோடு வந்து படியும் நைட்ரஜன் மலை ஏரிகளை என்ன செய்கிறது என்று 1980-களிலிருந்து விஞ்ஞானிகள் அளந்துவருகிறார்கள். வழியில் அளவைக் கருவிகள் கண்ணில் பட்டால் தொடக்கூடாது.

மில்ஸா, தி லாக்கா என்று கேட்டால்: காற்றடிக்கும் நாளில் மில்ஸ், அமைதியான நாளில் தி லாக். மேற்குக் காற்று லாக் வேல் வழியே குழாயில் வருவது போல் இறங்கும். பெற்றோரோடு வருகிறவர்களுக்கு மில்ஸ்தான். ஏற்றம் 250 அடி குறைவு என்பது தாளில் சிறிது, திரும்பி இறங்கும்போது முழங்காலுக்குப் பெரிது. இவ்வளவு தூரமே கூடாது என்கிற நிலையில் உள்ளவர்களுக்குப் பேர் லேக் சாலையிலேயே ஸ்ப்ரேக் லேக் இருக்கிறது. சமதளமான அரை மைல் வட்டம், சக்கர நாற்காலியே போகும். அந்த வட்டத்தை வேறு எதற்கோ சமாதானமாக நினைக்க வேண்டாம். அங்கிருந்து தெரியும் மலைத்தொடர் முழுமையானது.

பேர் லேக்கில் காரை விட்டவர்களும் இந்தப் பாதைக்கு வரலாம், அரை மைல் இறங்க வேண்டும். அந்த அரை மைலைக் களைத்த காலோடு மாலையில் ஏற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஏறப் பிடிக்காதவர்கள் கிளேசியர் கார்ஜ் நிறுத்தத்தில் ஷட்டில் பிடித்து ஒரே நிறுத்தத்தில் காரை அடையலாம்.

ஸ்கை பாண்டும் பிளாக் லேக்கும்

இரண்டும் முழுநாள் நடை. ஸ்கை பாண்ட் 10,900 அடியில், போய்வர ஒன்பது மைலுக்கு மேல், ஏற்றம் சுமார் 1,700 அடி. பிளாக் லேக் 10,620 அடியில், போய்வர ஏறக்குறைய பத்து மைல், ஏற்றம் சுமார் 1,400 அடி. எண்களில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் டிம்பர்லைன் அருவியில் இருக்கிறது.

தி லாக்கின் வலக்கரையோடு போய், கல்படிகள் ஏறினால் டிம்பர்லைன் அருவியின் அடி. லேக் ஆஃப் கிளாஸுக்குப் போக அருவியின் வலப்பக்கத்துப் பாறை இடுக்கில் நூறடி போல ஏற வேண்டும். கயிறு தேவையில்லை, இரண்டு கையும் தேவை. கைத்தடிகளை மடித்துப் பைக்குள் செருகிவிடுங்கள். தண்ணீர் வழியும் கல்லைத் தவிர்த்து, காய்ந்த வலது ஓரத்துப் பிடிமானங்களைப் பிடித்து ஏறுங்கள். இரண்டு கை, இரண்டு காலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். மேலிருந்து ஆள் இறங்கினால் காத்திருங்கள், ஒருவர் போகத்தான் இடம். ஏறுவது கடினமில்லை. இறங்கும்போது கால்வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் அங்கே நடுங்கி நின்றுவிடுகிறார்கள். பாறையைப் பார்த்துத் திரும்பி, ஏணி இறங்குவது போல இறங்க வேண்டும். ஏறத் தொடங்கும் முன் ஒருமுறை கீழே பார்த்து, "ஈரத்தில் இதில் இறங்க முடியுமா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தயக்கம் இருந்தால் அருவியின் அடியோடு திரும்பலாம். அங்கிருந்து தி லாக் முழுதாகத் தெரியும்.

ஜூன் முழுக்க, சில ஆண்டுகளில் ஜூலை தொடக்கத்திலும், அந்த இடுக்கு பனிக்கட்டியாக இருக்கும். அப்போது அதில் ஏற மைக்ரோஸ்பைக் போதாது. பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தும் பழக்கமும் இல்லாதவர்கள் ஜூலை நடுப்பகுதிக்கு முன் போகாமல் இருப்பதே சரி. மேலே லேக் ஆஃப் கிளாஸைத் தாண்டிக் கால் மணி நடந்தால் ஸ்கை பாண்ட். பின்னால் ஷார்க்ஸ்டூத் முனைகள், ஓரத்தில் டெய்லர் பனியாறு. ஆகஸ்டிலும் குளிர்காற்று அடிக்கும், ஒரு கம்பளிச் சட்டையும் காற்றுத்தாங்கி மேலங்கியும் வேண்டும்.

பிளாக் லேக்குக்கு மில்ஸைத் தாண்டி, ஜூவல் லேக் வழியாகப் போக வேண்டும். நீளமான, ஆள் அரவம் குறைந்த பாதை. சதுப்பான இடங்களில் மரப்பலகை போட்டிருப்பார்கள், மழைக்குப் பிறகு அது வழுக்கும். கடைசியில் ரிப்பன் அருவி, பாறைமேல் பட்டையாக வழியும். அதன் பக்கத்துக் கல்படிகளில் ஏறினால் ஏரி. மக்ஹென்றிஸ் சிகரத்தின் சுவர் நேரே தண்ணீரில் இறங்குகிறது. கையூன்றி ஏறும் இடம் எதுவும் இல்லை. ஸ்கை பாண்டின் பாறை இடுக்கு பயமுறுத்தினால், கால் பலம் மட்டும் இருந்தால், பிளாக் லேக்குக்குத் தயங்காமல் போகலாம். நாங்கள் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் பெரும்பாலானவர்களுக்குப் பிளாக் லேக்கைத்தான் சொல்வோம்.

மின்னலும் உயரமும்

ஜூலை, ஆகஸ்டில் காலை பத்து மணிக்கு வெண்பஞ்சாக இருக்கும் மேகம் ஒரு மணிக்கு இடி இடிக்கும். தினமும் இல்லை, ஆனால் தினமும் வரும் என்று வைத்தே திட்டமிட வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் திரும்பி இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஏரியை எட்டியிருக்கிறோமா என்பது கணக்கில்லை. முதல் இடி கேட்டதும் ஏரிக்கரை, வெற்றுப் பாறை, தனிமரம் ஆகியவற்றை விட்டு, ஒரே உயரத்தில் மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் இறங்குங்கள்.

பேர் லேக் டிரெயில்ஹெட் சுமார் 9,450 அடி. நடக்கத் தொடங்கும் இடமே தொட்டபெட்டா உச்சியைவிட உயரம். நேற்று மாலை கடல்மட்டத்திலிருந்து விமானத்தில் இறங்கியவர் இன்று காலை ஏறினால் தலைவலியும் குமட்டலும் வர நிறைய வாய்ப்பு உண்டு. ஓர் இரவாவது 7,500 அடியில் இருக்கும் எஸ்டெஸ் பார்க்கில் தூங்கிவிட்டு ஏறுவது நல்லது. தண்ணீர் குடித்தால் உயர நோய் வராது என்பது சரியல்ல. தண்ணீர் வறட்சியைத் தடுக்கும், அவ்வளவுதான். தலைவலியோடு வாந்தியோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே இறங்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மருந்து சாப்பிடும் பெரியவர்கள் முன்கூட்டி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மில்ஸ், தி லாக் நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். ஸ்கை பாண்ட், பிளாக் லேக் என்றால் மூன்று, அல்லது இரண்டும் ஒரு வடிகட்டியும். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலிருந்தாலும் வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா கிருமி இருக்கலாம், வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். உயரத்தில் பசி மந்தமாகும், உப்பும் புளிப்பும் உள்ள சாப்பாடு இறங்கும். புளியோதரை நன்றாகத் தாங்கும். சிந்திய பருக்கையைப் பொறுக்கிவிடுங்கள். கோடுபோட்ட சின்ன அணில்கள் கைக்கே வரும். அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், கடியும் வாங்க நேரும்.

ஒடெசா–ஃபெர்ன்: இரண்டு முனை நடை

பேர் லேக்கிலிருந்து ஏறி, லேக் ஹெலின் அருகே ஒடெசா கார்ஜின் தலைமாட்டைத் தொட்டு, ஒடெசா ஏரி (4.1 மைல்), ஃபெர்ன் ஏரி, ஃபெர்ன் அருவி, தி பூல் என்று இறங்கி மொரெய்ன் பார்க் பக்கம் வெளியேறுவது. ஏறக்குறைய எட்டரை மைல். ஃபெர்ன் லேக் டிரெயில்ஹெட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு மண்சாலையில் இன்னும் முக்கால் மைல். ஏற்றத்தைவிட இறக்கம் இரண்டு மடங்கு. கட்டைவிரல் நகம் காலணியில் இடிக்காமல் இருக்க, இறங்கும் முன் கயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும்.

லேக் ஹெலின் பக்கத்துச் சரிவில் ஜூலை தொடக்கம் வரை பனி மூடி வழி தெரியாது. கீழ்ப்பகுதி 2012-இலும் 2020-இலும் எரிந்த காடு. நிழல் குறைவு, காற்றடிக்கும் நாளில் பட்ட மரங்கள் சாயும். நிற்கவும் சாப்பிடவும் அவற்றின் அடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இன்னொன்று, பாதி வந்தபின் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம். முச்சந்தியில் முடிவை மாற்றும் வசதி இங்கே கிடையாது. ஏரிகளையும் அருவியையும் இடுக்கையும் ஒரே நடையில் பார்க்க விரும்பும், நடைப் பழக்கம் உள்ள இரண்டு மூன்று பேர் குழுவுக்கு இது அருமையான நாள். பிள்ளைகளோடு வேண்டாம்.

பேர் லேக் அனுமதி கிடைக்கவில்லையென்றால்

வைல்ட் பேசின் பக்கம் போங்கள். எஸ்டெஸ் பார்க்கிலிருந்து 7-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே, ஆலன்ஸ்பார்க் ஊருக்கு முன்னால் பிரியும். சாதா டைம்ட் என்ட்ரி போதும். காலை 9-க்கு முன் நுழைந்தால் அதுவும் தேவையில்லை. டிரெயில்ஹெட் 8,500 அடிதான், உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல். 0.3 மைலில் கோப்லாண்ட் அருவி, 1.8 மைலில் கலிப்ஸோ கேஸ்கேட்ஸ், 2.7 மைலில் ஊஸெல் அருவி. ஏற்றம் 950 அடி, போய்வர நான்கு மணி நேரம், பெரும்பகுதி நிழலும் ஓடைச் சத்தமும். ஏரி வேண்டுமென்றால் ஊஸெல் லேக் வரை போக ஒரு வழிக்கு ஐந்து மைல் ஆகும், அது தனி நாள் கணக்கு.

அருவிகளுக்காகவே வருகிறவர்கள், குறிப்பாக ஜூனில், பேர் லேக் அனுமதி கிடைத்தாலும் இங்கே வரலாம் என்பது எங்கள் கருத்து. அந்த மாதம் மேலே ஏரிகளில் பாதி உறைந்திருக்கும். இங்கே தண்ணீர் உச்சத்தில் இருக்கும். உள்ளே போகும் சாலை குறுகலான மண்சாலை, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். ஷட்டில் கிடையாது. பார்க்கிங் நிரம்பிவிட்டால் சாலையோரத்தில் குறியிட்ட இடங்களில் மட்டும் நிறுத்தி, அங்கிருந்தே நடக்க வேண்டியிருக்கும். எனவே எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.